வாட்டம்

போன மாசம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டரம்மா போன் செய்தார். சொந்தமாகக் கிளினிக் போடுகிறார், சின்ன வயசு.

"அண்ணா, டைல்ஸ் ஒட்டி முடிச்சாச்சுங்க. பெயின்ட்டும் ஒரு கோட் ஆயிருச்சு. சேர் வெள்ளிக்கிழமை லாரி ஏறுது. சனிக்கிழமை வந்து மாட்டிக் குடுத்தீங்கன்னா திங்கட்கிழமை பூஜை போட்டுடலாம்."

"பைப்பெல்லாம் எங்க வந்து நிக்குதுங்க?"

"வாஷ்பேசின் பக்கத்துல செவுத்தோரமா ஒரு பாயின்ட் வச்சிருக்காங்க."

"சேர் எங்க வருதுங்க?"

"ரூமுக்கு நடுவுல."

செவுத்துக்கும் நடுவுக்கும் எட்டடி. புது டைல்ஸில் எட்டடி காடி வெட்ட வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். இந்தச் செய்தியைச் சொல்லும்போது மட்டும் இன்னும் நாக்கு குழறுகிறது.

பல் வைத்தியத்தின் கதையை டாக்டர்கள் எழுதினால் பல்லில் தொடங்குவார்கள். நான் தரையில்தான் தொடங்க முடியும். ஏனென்றால் நான் பார்த்த வரைக்கும் அந்த நாற்காலியில் புதிதாக எது வந்தாலும், அதற்கு ஒரு குழாய் தரைக்கு அடியில் வந்தாக வேண்டும். இன்றைக்கு ஒரு யூனிட்டுக்கு ஐந்து வாய் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வர ஒன்று, காற்று வர ஒன்று, உறிஞ்சுவதற்கு ஒன்று, கழிவு போக ஒன்று, கரண்டுக்கு ஒன்று. ஐந்தும் நாற்காலியின் கால்மாட்டில் ஒரு பெட்டிக்குள் வந்து சேரும். நாங்கள் ஜங்ஷன் பாக்ஸ் என்போம். ஆளைச் சாய்த்து விளக்கைப் போட்டால் எல்லோர் கண்ணும் மேலே போய்விடும். என் கண் மட்டும் அந்தப் பெட்டி மேல் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1983-ல் இந்த ஐந்து வாயும் நான் போன எந்தக் கிளினிக்கிலும் மொத்தமாக இல்லை. கணபதியில் எங்கள் முதலாளியின் பட்டறை. மோட்டார் காயில் கட்டுவதுதான் தொழில். கோயம்புத்தூரில் அதற்குப் பஞ்சமில்லை. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. வீதிக்கு வீதி பம்பும் லேத்தும்தான். பல் டாக்டர் ஒருவரின் மெஷின் நின்று போய், பம்பாயிலிருந்து ஆள் வர ஒரு மாசம் ஆகும் என்றதும், எங்கள் முதலாளியிடம் கொண்டு வந்தார். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "நம்ம தறி மோட்டாருக்கு இது தம்பி மாதிரிதானுங்க" என்றார். அதிலிருந்து பட்டறையில் ஒரு மூலை பல் டாக்டர்களுக்கு என்று ஆனது.

அந்த மூலையில் துணி போட்டு மூடின ஒரு சாமான் இருந்தது. தையல் மெஷினின் அடிப்பாகம் என்று நினைத்தேன். மிதிக்கிற பலகை, பெரிய இரும்புச் சக்கரம், அதற்கு மேல் ஒரு தண்டு, தண்டிலிருந்து வளைகிற கை. தைக்க ஊசி எங்கே என்று கேட்டுத் திட்டு வாங்கினேன். அது காலால் மிதித்துப் பல்லைக் குடைகிற எந்திரம். ஜேம்ஸ் பியல் மோரிசன் என்ற அமெரிக்கர் 1871-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். தையல் மெஷினைப் பார்த்துத்தான் செய்தார் என்பதால் என் குழப்பம் அவ்வளவு முட்டாள்தனமும் இல்லை. டாக்டர் ஒற்றைக் காலில் நின்று மறு காலால் மிதித்துக்கொண்டே வாய்க்குள் வேலை செய்வார். எங்களுக்குக் கொடுத்தவர் அவர் தாத்தா காலத்துச் சாமான் என்றார்.

அதை நான் மிதித்துப் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்க மிதித்தால் நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று வரும். அந்த எந்திரத்துக்கு ஒரு குழாயும் வேண்டாம். நாலு பேர் தூக்கி மாட்டு வண்டியில் வைத்தால் கிராமத்துக்குக் கிராமம் போகலாம். ஒரு சொம்புத் தண்ணீர், துப்ப ஒரு படிக்கம், பல்லில் விழுந்த தூளை ஊத ஒரு ரப்பர்ப் பந்து. தண்ணீர், காற்று, கழிவு மூன்றும் அதில் அடக்கம். உறிஞ்சுகிற வேலைக்குப் பதிலாக, 1864-ல் நியூயார்க்கில் சான்ஃபோர்டு பார்னம் கண்டுபிடித்த ரப்பர்த் துணி இருந்தது. பல்லை மட்டும் ஓட்டை வழியாக வெளியே இழுத்து, மற்ற வாயை ரப்பரால் மூடிவிடுவது. எச்சிலை வெளியே எடுக்க வழி இல்லாதபோது எச்சிலுக்கு அணை கட்டினார்கள். நல்ல டாக்டர்கள் இன்றும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 160 வருஷமாகியும் மதிப்புக் குறையாத சாமான் எங்கள் தொழிலில் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், தோன்றவில்லை.

மேல்நாட்டு ஊர்களில் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வந்த பிறகு படிக்கத்துக்கும் குழாய் வந்தது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் ஓடி எச்சிலைக் கழுவிக்கொண்டு போகும். இப்போதும் எல்லா யூனிட்டிலும் இருக்கிற அதே சுழல். அப்போதே எச்சில் உறிஞ்சுகிற குழாயும் வந்துவிட்டது, மோட்டார் இல்லாமல். தத்துவம் இத்தாலிக்காரர் வெஞ்சுரி 1797-ல் எழுதி வைத்தது. குழாயில் ஒரு இடத்தில் குறுகலாக்கினால் தண்ணீர் அங்கே வேகமெடுக்கும். வேகமெடுக்கிற இடத்தில் அழுத்தம் குறையும். அந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு துளை போட்டால் அது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். குழாயைத் திறந்து விட்டால் போதும், ஓடுகிற தண்ணீரே எச்சிலை இழுத்துக்கொண்டு சாக்கடைக்குப் போகும்.

கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? எங்கள் முதலாளிக்கு அந்தச் சாமான் மீது தீராத பகை. "நம்மூர்ல மாட்டவே கூடாதுடா" என்பார். காரணம் பிறகுதான் புரிந்தது. நம்மூரில் தண்ணீர் நாள் முழுக்க வராது, முறை வைத்து விடுவார்கள். மேட்டில் இருக்கிற வீட்டில் தண்ணீர் நின்றவுடன், பள்ளத்தில் இருக்கிறவர் குழாயைத் திறந்தால், குழாய் பின்பக்கமாக இழுக்கும். அந்த நேரம் எச்சில் குழாய் கிண்ணத்தில் முங்கிக் கிடந்தால், அந்த எச்சில் எங்கே போகும்? அடுத்த வீட்டுக் குடத்துக்கு. அதனால்தான் குடிநீர்க் குழாய்க்கும் எச்சில் தொடுகிற எதற்கும் நடுவில் வெறும் காற்றாக ஒரு இடைவெளி விட வேண்டும் என்று குழாய் வேலைச் சட்டம் வைத்தார்கள். டம்ளரில் தண்ணீர் பிடிக்கிற மூக்கு கிண்ணத்துக்கு மேலே அத்தனை உயரத்தில் நிற்பதற்கும் அதே காரணம். அழகுக்கு என்று நினைத்து அதைத் தாழ்த்தி வளைக்கச் சொன்ன டாக்டர்களை எனக்குத் தெரியும்.

நம் நாட்டில் இந்தச் சாமான்கள் பரவ நாளாயிற்று. ரஃபியுத்தீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதை நடத்தப் பணத்துக்கு ஒரு சோடாக் கடையும் வைத்தார். சென்னையில் மருத்துவக் கல்லூரிக்குள் பல் பிரிவு வந்தது 1953-ல். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா கல்லூரி 1980-ல். அங்கெல்லாம் படித்து வந்தவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை.

நான் சேர்ந்தபோது பாதி கிளினிக்கில் ஓடியது கயிறு மெஷின். மூன்று மடிப்பாக வளைகிற கை, அதன் மூட்டுக்கு மூட்டு உருளை, உருளை மேல் ஓடுகிற கயிறு, மேலே மோட்டார். கிணற்று ராட்டினமும் நூல் மில்லும் கலந்த மாதிரி இருக்கும். கயிறு அறுந்தால் நான் போய் முடிச்சுப் போட்டு மெழுகு தேய்ப்பேன். அது சில ஆயிரம் சுற்றுதான். அந்த வேகத்தில் பல்லைக் கரைக்க அழுத்த வேண்டும், அழுத்தினால் அதிரும், அதிர்வு மண்டை வரை ஏறும். தேங்காய்ச் சிரட்டை கருகின மாதிரி ஒரு வாசம் வரும். நான் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்தபோது அந்த வாசம் பட்டு வெளியே ஓடியிருக்கிறேன். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பல் டாக்டர் பயம் எங்கள் அளவுக்கு இல்லை என்றால் அதற்குக் காரணம் ஏழெட்டு வருஷத்தில் வெவ்வேறு நாட்டில் நடந்த ஒரு பந்தயம்.

நியூசிலாந்தில் ஒட்டாகோ பல் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த ஜான் பேட்ரிக் வால்ஷ், 1949-ல் காற்றால் சுற்றுகிற குடைவானுக்குக் காப்புரிமை பெற்றார். 1953-ல் வாஷிங்டனில், அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில், ராபர்ட் நெல்சனும் கூட இருந்தவர்களும் தண்ணீரை அழுத்தி அனுப்பி ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வைத்தார்கள். நிமிடத்துக்குச் சுமார் 60,000 சுற்று. அதே வாஷிங்டனைச் சேர்ந்த பல் டாக்டர் ஜான் போர்டன் 1957-ல் காற்றால் சுற்றுவதைக் கடைக்குக் கொண்டு வந்தார். 3,00,000 சுற்று. பெயர் ஏரோட்டர்.

இந்தியாவில் எந்தப் பல் டாக்டரிடமும் கேளுங்கள், அந்தக் கருவியை ஏரோட்டர் என்றுதான் சொல்வார். எந்தக் கம்பெனி செய்தாலும், ஜப்பானோ சீனாவோ, அதற்கு அதுதான் பெயர். அது ஒருவர் வைத்த வியாபாரப் பெயர் என்பது பல பேருக்குத் தெரியாது. அவர் பெயரும் எங்கள் பையில் இருக்கிறது. ஏரோட்டரின் பின்பக்கம் குழாய் மாட்டுகிற இடத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது போர்டன், நாலு ஓட்டை இருந்தால் மிட்வெஸ்ட். கடையில் போய், "போர்டன் டியூப் ஒரு மீட்டர் கொடுங்க" என்பேன். ஒரு மனிதரைத்தான் கூப்பிடுகிறேன் என்று தெரியாமலே இருபது வருஷம் கூப்பிட்டிருக்கிறேன்.

அந்த ஏரோட்டர் தலைக்குள் இருக்கிற சக்கரம் புளியங்கொட்டையை விடச் சிறியது. அதன் மேல் 35 பவுண்டு காற்று அடித்தால் மூன்று லட்சம் சுற்று. பவுண்டு என்பது டயர்க் கடைக் கணக்கு, புத்தகத்தில் 2.2-லிருந்து 2.8 பார் என்று போட்டிருக்கும். சக்கரத்துக்குப் பலம் இல்லை, விரலால் அழுத்தினால் நின்று விடும். வேகம் மட்டும்தான் உண்டு. அந்த வேகத்தில் பல் மேல் இறகு மாதிரித் தொட்டால் போதும். அதிர்வு போயிற்று. மண்டைக்கு ஏறுகிற உதறலும் போயிற்று.

சூடு மட்டும் கூடிற்று. அதற்குத்தான் தண்ணீர். 1965-ல் ஜாக், கோஹென் என்ற இரண்டு பேர் குரங்குப் பல்லை வெளியிலிருந்து சூடாக்கிப் பார்த்தார்கள். பல்லுக்குள் இருக்கிற உயிர்ச்சதை 5.5 டிகிரி செல்சியஸ் சூடேறினால், நூற்றுக்குப் பதினைந்து பல் திரும்பத் தேறவில்லை. ஐந்தரை டிகிரி! காலை வெயிலுக்கும் பத்து மணி வெயிலுக்கும் உள்ள வித்தியாசம். எனவே குடைகிற முனையிலேயே தண்ணீர் பீய்ச்ச வேண்டும், நிமிடத்துக்கு 50 மில்லியாவது. கணக்குப் போடுங்கள், நாலு நிமிடத்தில் ஒரு டம்ளர். வாய் பிளந்து படுத்திருக்கிற ஆளின் தொண்டையில் ஒரு டம்ளர் தண்ணீர், பல் தூளோடு.

படுத்திருக்கிற என்று சொன்னேன். 1958-ல் அமெரிக்காவில் முழுக்கச் சாய்கிற நாற்காலி வந்தது. அதற்கு முன் நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், டாக்டர் நிற்பார். டாக்டருக்கு முதுகு போகும், ஆனால் நோயாளி தலையைத் திருப்பித் துப்பிக்கொள்ளலாம். சாய்த்த பிறகு டாக்டர் உட்கார்ந்து வேலை செய்தார், நோயாளிக்குத் துப்ப வழி இல்லை. ஒரே நேரத்தில் வாய்க்குள் தண்ணீரும் கூடி, துப்புகிற வழியும் அடைபட்டது. அமெரிக்கப் பல் டாக்டர் எல்பர்ட் தாம்ஸன், வாய்க்குள் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே பெரிய குழாயால் அதை இழுத்தெடுக்கிற முறையைச் சொல்லிக்கொடுத்தது இந்தக் காலத்தில்தான். பழைய எச்சில் குழாய் அதற்குப் போதாது. அது சோடாவுக்குப் போடுகிற உறிஞ்சு குழல் மாதிரி. தாம்ஸன் கேட்டது வீட்டைப் பெருக்குகிற எந்திரம் மாதிரி. இன்றைய கணக்கில் பெரிய குழாய் நிமிடத்துக்கு 250 லிட்டர் காற்றுக்கு மேல் இழுத்தால்தான் அதைப் பெரிய சக்ஷன் என்பார்கள்.

ஆக, வேகம் காற்றைக் கேட்டது, காற்றுக் கருவி தண்ணீரைக் கேட்டது, தண்ணீர் உறிஞ்சலைக் கேட்டது, உறிஞ்சினது எல்லாம் போக ஒரு சாக்கடை வேண்டும். அந்தச் சாக்கடைக்கு வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். அதுதான் எட்டடி காடி.

காற்றில் ஆரம்பிக்கிறேன், அதில்தான் நான் அதிகம் அடிபட்டது. எண்பதுகளில் ஏரோட்டர் வாங்கின டாக்டர்கள் கம்ப்ரஸரைப் பல் சாமான் கடையில் வாங்கவில்லை. பஞ்சர்க் கடைக்கும் பெயின்ட் அடிக்கவும் விற்கிற கம்ப்ரஸரை வாங்கினார்கள். ஊர் கோயம்புத்தூர், எல்ஜி கம்பெனி 1960-லிருந்து வண்டி சர்வீஸ் ஸ்டேஷனுக்குச் சாமான் செய்து வந்த ஊர், கம்ப்ரஸருக்கு என்ன குறை? குறை எண்ணெய். அந்த மெஷின் பிஸ்டனுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். அதில் கொஞ்சம் காற்றோடு போகும். டயருக்கு அது ஒன்றும் செய்யாது. பல்லுக்குச் செய்யும். அந்த நாளில் வெள்ளி அடைப்பு, அது எண்ணெயைப் பொருட்படுத்தாது. பிறகு பல் நிறத்தில் ஒட்டுகிற பசை அடைப்பு வந்தது. ஒரு டாக்டர், ஆர்.எஸ்.புரத்தில், மூன்று மாசமாக அடைப்பு எல்லாம் கழன்று விழுகிறது என்று பசைக் கம்பெனிக்காரனோடு சண்டை. என்னை வேறு வேலையாகக் கூப்பிட்டார். காற்று ஊதுகிற சிரிஞ்சை எடுத்து ஒரு கண்ணாடித் துண்டில் ஊதினேன். வெளிச்சத்தில் பிடித்தால் வானவில் தெரிந்தது. சண்டை அதோடு முடிந்தது, கம்ப்ரஸர் பஞ்சர்க் கடைக்கு விலை போயிற்று. டெஃப்லான் வளையம் போட்ட, எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர் அப்படித்தான் எங்கள் பக்கம் கிளினிக்குக்குக் கிளினிக் வந்தது.

அடுத்தது, கம்ப்ரஸர் குடிக்கிற காற்று. சத்தம் தாங்காமல் அதைக் கழிவறைக்குள் வைத்த கிளினிக்கை எண்ண விரல் போதாது. அங்கே இருக்கிற காற்றைத்தானே அமுக்கி நோயாளி வாயில் ஊதுகிறோம் என்று சொன்னால் முகம் மாறும். ஒரு டாக்டர் மட்டும், "நாத்தம் வரலையேப்பா" என்றார். ஃபினாயில் வாசம்தான் வந்தது!

தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று எங்கள் ஊருக்குள் வரும். அதை அமுக்கினால் ஈரம் தண்ணீராகும். ஆடி மாசம் ஒரு நாள் வேலைக்கு டாங்கின் அடியில் அரை டம்ளர், ஒரு டம்ளர் தேங்கும். தினம் சாயங்காலம் அடிக்குழாயைத் திறந்து விட வேண்டும். நான் மாட்டின எல்லா இடத்திலும் இதைச் சொன்னேன். திறக்கிறவர்கள் பத்தில் இரண்டு பேர். மற்ற இடத்தில் டாங்கு உள்ளே துருப்பிடித்து, அந்தத் துருத் தண்ணீர் ஏரோட்டருக்குள் போய், புளியங்கொட்டைச் சக்கரத்தின் பேரிங் கத்த ஆரம்பிக்கும். அப்போது, "அண்ணா, ஏரோட்டர் மட்டம்" என்று எனக்குப் போன் வரும்.

தண்ணீரின் கதை வேறு மாதிரி. யூனிட்டின் புத்தகத்தில் தண்ணீர் 2-லிருந்து 4 பார் வேண்டும் என்று போட்டிருக்கும். எழுதினவன் ஊரில் தெருக் குழாயைத் திறந்தாலே அந்த அழுத்தம் வரும். நம்மூரில் தண்ணீர் மாடி டாங்கிலிருந்து இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். மேல் மாடிக் கிளினிக், அதற்கு மேலே டாங்கு என்றால் மூன்று மீட்டர், நாலு மீட்டர்; 0.3 பார், 0.4 பார். கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஏரோட்டரின் முனையில் தண்ணீர் பீய்ச்சாது, சொட்டும். சொட்டினால் சூடு. இதை ஈடு கட்ட நான் குளியலறைக்குப் போடுகிற பிரஷர் பம்பு மாட்டினேன். பிறகு எல்லா யூனிட்டிலும் ஒரு பாட்டில் வந்தது. அதில் தண்ணீர் ஊற்றி மூடினால், யூனிட்டின் காற்றே அதை அமுக்கிக் கொடுக்கும். டாங்கு எவ்வளவு உயரம் என்ற கேள்வியே இல்லை.

அந்தப் பாட்டில் உண்மையில் அழுத்தத்துக்காக வரவில்லை, அழுக்குக்காக. 1963-லேயே பிளேக் என்பவர் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் எழுதிவிட்டார், பீய்ச்சுகிற தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று. யூனிட்டுக்குள் ஓடும் குழாய் உள்விட்டம் இரண்டு மில்லிமீட்டர் போல. அதில் ராத்திரி முழுக்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தண்ணீர் அசையாமல் நிற்கும். நின்ற தண்ணீருக்குக் குழாய்ச் சுவரில் பாசி மாதிரி ஒரு வழவழப்புப் பிடிக்கும். பழைய யூனிட் ஒன்றைப் பிரித்தபோது அந்தக் குழாயை நீளவாக்கில் பிளேடால் கிழித்து டாக்டர் மேஜை மேல் வைத்தேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்க் கை கழுவினார்.

இத்தாலியில் 2011-ல் 82 வயது அம்மாள் ஒருவர், பல் டாக்டரிடம் போனதைத் தவிர வெளியே அதிகம் போகாதவர், லீஜியோனெல்லா காய்ச்சலில் இறந்தார். அதே கிருமி அந்த யூனிட்டின் தண்ணீரில் இருந்தது. அட்லாண்டா பக்கம் 2015-லும், கலிபோர்னியாவின் அனாஹைமில் 2016-லும் பால்பல்லின் உயிர்ச்சதைக்கு வைத்தியம் பார்த்த குழந்தைகளுக்குத் தாடை சீழ் வைத்தது. அதற்கும் தண்ணீர்தான் காரணம். அமெரிக்காவில் ஒரு மில்லி தண்ணீரில் 500 கிருமிக் கூட்டத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் இருபது முப்பது விநாடி தண்ணீரைச் சும்மா ஓட விடச் சொல்கிறார்கள். என் வேலை முடிந்து சாவி கொடுக்கும்போது இதையும் சொல்லிவிட்டு வருகிறேன். எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எண்ணவில்லை, எண்ண எனக்குத் தைரியமில்லை.

கிருமி போக, உப்பு. கோயம்புத்தூரில் சிறுவாணிக் குழாய் இருக்கிற வீட்டுக்கும் போர்த் தண்ணீர் வீட்டுக்கும் வித்தியாசம் யூனிட்டைத் திறந்த உடனே தெரியும். சிறுவாணி வீட்டில் பத்து வருஷம் ஆனாலும் வால்வு பளிச்சென்று இருக்கும். போர் வீட்டில் ஒரே வருஷத்தில் சுண்ணாம்பு கட்டும். ஏரோட்டர் முனையில் மூன்று ஓட்டை இருந்தால் இரண்டு அடைபட்டிருக்கும். கேட்டால், "நல்ல தண்ணிதாங்க, நாங்க குடிக்கிறோமே" என்பார்கள். உண்மைதான், நம் குடலுக்கு இரண்டு மில்லிமீட்டர் வால்வு இல்லை.

உறிஞ்சலில் நான் கெட்ட பெயர் வாங்கின ஒரு கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கென் ஆஸ்டினும் அவர் மனைவி ஜோனும் 1964-ல் தொடங்கிய ஏ-டெக் கம்பெனியின் முதல் சரக்கே காற்றால் உறிஞ்சுகிற கருவி. பழைய வெஞ்சுரி தத்துவம்தான். தண்ணீருக்குப் பதில் காற்று. கம்ப்ரஸர் காற்றைக் குறுகலான இடத்தில் விட்டால் அது வாயிலிருந்து இழுக்கும். தனி மோட்டார் வேண்டாம். நம்மூர் மலிவு யூனிட்டில் எல்லாம் இன்றும் அதுதான். தொண்ணூறுகளில் ஒரு கிளினிக்கில் அப்படி இரண்டு சேர் மாட்டினேன், ஒரு குதிரைச் சக்தி கம்ப்ரஸர் போதும் என்று நானே சொல்லி. திறப்பு விழா அன்று பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார், டாக்டர் ஏரோட்டரை அழுத்துகிறார், நர்ஸ் சக்ஷனை எடுக்கிறார். எடுத்த நொடியில் ஏரோட்டரின் சத்தம் கீச்சுக் குரலிலிருந்து ஆம்பளைக் குரலுக்கு இறங்கியது. சக்ஷனைக் கீழே வைத்தால் திரும்ப ஏறும். இருக்கிற காற்றை ஒன்றிடமிருந்து ஒன்று பிடுங்குகிறது. காற்றால் உறிஞ்சுவது எத்தனை பெரிய தின்னி என்று கணக்கில் சேர்க்காமல் விட்டது என் தப்பு. அடுத்த நாள் பெரிய கம்ப்ரஸரை என் செலவில் இறக்கினேன். பாதிப் பணத்தை டாக்டர் பின்னால் கொடுத்தார், பெரிய மனசு.

மோட்டார் சக்ஷன் அப்போதே இருந்தது, விலைதான் தடை. 2020-ல் கொரோனா வந்து கிளினிக்குகள் மூடித் திறந்தபோது, ஏரோட்டரிலிருந்து பறக்கிற சாரலைப் பார்த்துப் பயந்து எல்லோரும் ஒரே மாசத்தில் அதைக் கேட்டார்கள். நாற்காலி பக்கத்தில் யானைத் துதிக்கை மாதிரி நிற்கிற வெளிச் சக்ஷன் கூட விற்றது. இப்போது அதில் பாதி மூலையில் துணி போட்டுக் கிடக்கிறது, எங்கள் பட்டறையில் மோரிசன் மெஷின் கிடந்த மாதிரி. அதற்கு முன் 2012 வாக்கில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் கிளம்பாது என்று தெரியாமல் பேட்டரியை எரித்துக்கொண்டவர்களின் கதை தனி. அதற்குள் போகவில்லை.

கடைசியாகக் கழிவு. வெள்ளி அடைப்பில் பாதரசம் இருக்கிறது. பழைய அடைப்பை உடைத்து எடுத்தால் அந்தத் தூளை சக்ஷன் இழுத்து எங்கே அனுப்புகிறது? அமெரிக்கா 2017-ல் சட்டம் போட்டு, சாக்கடைக்கு முன் அதை வடிகட்டும் பாத்திரம் வைக்கச் சொன்னது. பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் வந்தது. இங்கே அந்தப் பாத்திரத்தை என்னிடம் கேட்டு வாங்கினவர்களை ஒரு கையில் எண்ணலாம். முப்பது வருஷம் ஓடின ஒரு கிளினிக்கைப் பிரித்தபோது கழிவுக் குழாயின் வளைவில் சாம்பல் நிறத்தில் கனமாக ஒரு சேறு. கையால் தொடாமல் டப்பாவில் போட்டு மூடி டாக்டரிடம் கொடுத்தேன். "இதை என்னண்ணா பண்றது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அந்த டப்பா அவர் மேஜைக்கு அடியில் ரொம்ப நாள் இருந்தது.

பொள்ளாச்சிக்கு வெள்ளிக்கிழமையே போய்விட்டேன், லாரிக்கு முன்னால். டாக்டரம்மாவிடம் நேரில் சொன்னேன். அவர் டைல்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற வழியே இல்லீங்களாண்ணா?" என்றார். சேரைச் செவுத்தோரம் நகர்த்தலாம், ஆனால் தலைமாட்டில் நர்ஸ் நிற்க இடம் இருக்காது. குழாயைத் தரைக்கு மேலே விட்டு மூடி போட்டு மறைக்கலாம், தினம் யாராவது தடுக்கி விழுவார்கள். அப்படியும் கழிவுக்கு வாட்டம் கிடைக்காது. பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எச்சிலும் ரத்தமும் பல் தூளும் குழாயிலேயே உட்காரும். மூன்றாவது மாசம் நாற்றம், ஆறாவது மாசம் அடைப்பு. "வெட்டுங்கண்ணா" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கொத்தனார் கட்டிங் மெஷினை வைத்தார். வெள்ளைப் புகை மாதிரித் தூசி. மதியத்துக்குள் எட்டடி காடி ஆயிற்று. நாற்பது மில்லிமீட்டர் குழாயைப் படுக்க வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. அது எனக்கு ஆகாது, கொஞ்சம் ஓடிப்போய் நிற்க வேண்டும். செவுத்துப் பக்கம் இன்னும் ஒரு அங்குலம் தோண்டச் சொன்னேன். அவருக்குக் கோபம், "மட்டமாத்தானுங்க இருக்கு!" என்றார். மட்டமாக இருப்பதுதான் குறை என்று சொல்லிப் புரிய வைக்க ஒரு டீ ஆயிற்று.

பிறகு, சாந்து போட்டு மூடுவதற்கு முன்னால், எங்கள் முதலாளி எப்போதும் செய்தபடி, ஜங்ஷன் பாக்ஸ் வருகிற வாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். கொத்தனார் வெளியே சேம்பர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். டாக்டரம்மாவும் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

"வந்துருச்சுங்க" என்றார் கொத்தனார் வெளியிலிருந்து.

"எவ்வளவு?"

"முழுசா."

இன்னொரு சொம்பு கொண்டு வரச் சொன்னேன்.